அட்டையைப் புதுப்பித்தால் மட்டும் போதுமா?

"வயிறு எரியுது டாக்டர். ராத்திரி தூக்கமே இல்லை."

போன மாதம் என் எதிரே உட்கார்ந்தவருக்கு வயது முப்பத்தெட்டு. ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. நாடி பார்த்தேன், பித்தம் தூக்கலாக இருந்தது. சாப்பாட்டு நேரம், காபி கணக்கு எல்லாம் விசாரித்துவிட்டு, "ஆபீஸ்ல ஏதாவது பிரச்னையா?" என்றேன். அவ்வளவுதான், மடை திறந்தது!

"பன்னிரண்டு வருஷமா ஒரே சீட். என்கிட்ட வேலை கத்துக்கிட்ட பையன் இன்னிக்கு எனக்கு அதிகாரி. எங்க மேனேஜர் என்னைக் கண்டுக்கறதே இல்லை சார்."

2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது அந்த இளைஞர் ராத்திரி உட்கார்ந்து அதைக் கற்றுக்கொண்டாராம். இவரோ, 'கம்பெனி சொல்லிக் கொடுத்தா கத்துக்கலாம்' என்று இருந்திருக்கிறார். "சரி, பதவி உயர்வு வேணும்னு வாயைத் திறந்து கேட்டீங்களா?" என்றேன்.

"அவங்களாப் பார்த்துத் தருவாங்கன்னு இருந்துட்டேன்..."

வாசகர்களே, இவரைப் பார்த்துச் சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. நானும் இப்படி இருந்தவன்தான்.

1994-ல் சித்த மருத்துவப் படிப்பை முடித்தேன். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்தேன். மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை அட்டையைப் புதுப்பிக்க வேண்டும், தவறாமல் புதுப்பித்தேன். வேறொன்றும் செய்யவில்லை. 'சித்த வைத்தியத்துக்கு யார் மதிப்புத் தர்றாங்க?' என்று திண்ணையில் உட்கார்ந்து புலம்பினேன். சாப்பாடு செரிக்கவில்லை. என் வயிற்றுக்கு நானே சூரணம் தின்றேன்!

கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு வர்ம ஆசானைப் பார்க்கப் போனபோது அவரிடமும் இதே புலம்பல்தான். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "மக்கா, மூணு வருசத்துக்கு ஒருக்க அட்டையைப் புதுப்பிச்சிட்டு வாற. உன்னை எப்பப் புதுப்பிக்கப் போற?"

சுருக்கென்று தைத்தது. அவரிடமே தங்கி வர்மமும் எலும்பு முறிவு வைத்தியமும் படித்தேன். ஓலைச்சுவடி வாசிக்கப் பழகினேன். அரசு வேலை கடைசி வரை வரவில்லை. ஆனால் காத்திருப்பதை அன்றோடு நிறுத்தினேன்.

அதன் பலன் 2012-ல் தெரிந்தது. தமிழ்நாட்டில் டெங்கு பரவி, நிலவேம்புக் குடிநீர் கேட்டு ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். ஒன்பது சரக்குகள் சேர்ந்த மருந்து அது. சரக்கைத் தரம் பார்த்து வாங்க வேண்டும். பக்குவமாகக் காய்ச்ச வேண்டும். வயிற்று வலி, விடாத வாந்தி, ரத்தக் கசிவு என்று வந்தால் ஒரு நிமிஷம் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். எங்கள் பகுதியில் இதையெல்லாம் முன்னால் நின்று செய்யச் சொல்லி யாரும் எனக்கு உத்தரவு போடவில்லை. வேலை தெரிந்திருந்தது, நின்றேன். வாய்ப்பு வந்த பிறகு படிக்க ஆரம்பித்திருந்தால் கூட்டம் கலைந்து போயிருக்கும்!

தலைமை என்றால் நாற்காலி என்று நினைக்கிறோம். எங்கள் மருந்துக்கூடத்தில் பாத்திரம் கழுவ வந்த ஒரு பெண்மணி, மழைக்காலத்தில் லேகியம் பூஞ்சை பிடிப்பதைக் கவனித்தார். எந்தத் தேதியில் அடைத்தது, எந்த ஜாடி கெட்டது என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வந்தார். ஜாடி முழுசாக உலராமல் அடைப்பதுதான் காரணம் என்று கண்டுபிடித்தவர் அவர்தான். மற்றவர்களுக்கும் எடுத்துச் சொல்லி, வெயிலில் காயவைத்து அடைக்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தார். இன்று அந்தக் கூடமே அவர் பொறுப்பில். பதவி பிறகுதான் வந்தது; தலைமை அந்த நோட்டிலேயே தொடங்கிவிட்டது.

'அப்படியானால் தப்பெல்லாம் எங்கள் மேல்தானா?' என்று கேட்பீர்கள். இல்லவே இல்லை! ஆள் பார்த்துப் பதவி தரும் இடங்கள் உண்டு. பிள்ளை பெற்றுத் திரும்பிய பெண்ணை ஓரங்கட்டும் அலுவலகங்கள் உண்டு. ராத்திரி வீட்டு வேலையும் பார்க்கிறவளிடம் 'உட்கார்ந்து படி' என்று சொன்னால் எப்படி? முதலில் வீட்டார் வேலையைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும்.

பழியைச் சுமப்பது வேறு, பொறுப்பை எடுத்துக்கொள்வது வேறு. நோய் வந்தது உங்கள் குற்றமாக இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் மருந்து தருவதுதான் வைத்தியர் வேலை. பத்தியம் நீங்கள்தான் இருக்க வேண்டும். உங்களுக்காகப் பக்கத்து வீட்டுக்காரர் பத்தியம் இருக்க முடியுமா? வைத்தியர் சரியில்லை என்றால் வேறு வைத்தியரைத் தேடுவதும் உங்கள் பொறுப்புதான். வேலைக்கும் அதேதான்.

இன்று இரவே ஒரு நோட்டை எடுங்கள். இந்த வருஷம் புதிதாகக் கற்றது என்ன? அடுத்து எது தெரிந்தால் மேலே போகலாம்? அதை யாரிடம் கற்கலாம்? மூன்றே கேள்விகள். தினம் அரை மணி நேரம் போதும். ஆறு மாதம் கழித்து மேலதிகாரி முன் போய் நின்று, 'இதைக் கற்றிருக்கிறேன், இந்தப் பொறுப்பைத் தாருங்கள்' என்று கேளுங்கள். மறுத்தால் காரணம் கேளுங்கள். காரணமே சொல்லாமல் திரும்பத் திரும்ப மறுத்தால், கற்ற வித்தை உங்கள் கையில் இருக்கிறது. அதற்கு வேறு வாசல் திறக்கும்.

நம் கணக்குப் பிரிவு நண்பருக்குச் சூரணம் கொடுத்தேன். நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னேன். மலம் கறுப்பாகப் போனாலோ, எடை குறைந்தாலோ உடனே பரிசோதனை செய்ய வேண்டும் என்றும் எச்சரித்தேன். சீட்டின் கடைசி வரியில், 'தினமும் அரை மணி நேரம் ஜி.எஸ்.டி. படிப்பு' என்று எழுதினேன்.

"இதுவும் மருந்தா சார்?" என்று சிரித்தார்.

"இல்லை, இதுதான் பத்தியம்!" என்றேன்.