குறைந்த வரி யாருக்குக் குறைந்த வரி?

அமெரிக்காவில் வேலை பார்க்கும் நம்மவர்களிடம் பத்து நிமிடம் பேசினால் போதும், பேச்சு வரியில் வந்து நிற்கும். "டெக்சாஸில் மாநில வருமான வரியே கிடையாது, கலிஃபோர்னியாவில் பிடுங்கி எடுத்துவிடுவார்கள்" என்பார்கள். அதே வாய் அடுத்த மூச்சில், "எங்கள் வரிப்பணத்தில் அவர்களுக்கு இலவசம், இடஒதுக்கீடு" என்று இந்தியாவைப் பற்றிப் புலம்பும். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான் என்கிறேன் நான். வரி கட்டுகிறவன் தான் மட்டும்தான், மற்றவர்கள் உட்கார்ந்து தின்கிறார்கள் என்ற நினைப்பே அந்த வேர்.

மாநிலங்களை வரிசைப்படுத்தும் பட்டியல்கள் பெரும்பாலும் சராசரிக் கணக்கு. மாநில, உள்ளாட்சி வரிகளையெல்லாம் கூட்டி, மொத்த வருமானத்தால் வகுத்தால் ஓர் எண் வரும். அந்த எண்ணுக்குள் தோட்ட முதலாளியும் அவர் வீட்டைப் பெருக்குகிற பெண்ணும் ஒன்றாக அடைபட்டிருப்பார்கள். பிரித்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். ஐ.டி.இ.பி. என்ற வரிக்கொள்கை ஆய்வு நிறுவனம் 2024இல் அப்படிப் பிரித்துக் காட்டியது. வருமான வரி இல்லாத ஃபுளோரிடாவில் அடித்தட்டு 20 விழுக்காட்டினர் தம் வருமானத்தில் 13.2 விழுக்காட்டை மாநில, உள்ளாட்சி வரியாகக் கொடுக்கிறார்கள். உச்சியில் இருக்கும் 1 விழுக்காட்டினர் கொடுப்பது 2.7 விழுக்காடு. "பிடுங்குகிற" கலிஃபோர்னியாவில் அடித்தட்டினர் 11.7, உச்சியினர் 12. ஏழைக்கு எது குறைந்த வரி மாநிலம்? நீங்களே சொல்லுங்கள்.

இது தற்செயலாக வந்த ஏற்பாடு என்று யாரேனும் சொன்னால், அவர்கள் அலபாமாவின் வரலாற்றைப் படிக்க வேண்டும். அங்கே 1901இல் புதிய அரசமைப்பு எழுதப்பட்டது. மாநாட்டின் தலைவர் ஜான் நாக்ஸ், வெள்ளையர் மேலாதிக்கத்தைச் சட்டப்படி நிறுவுவதே நோக்கம் என்று ஒளிவுமறைவில்லாமல் அறிவித்தார். எழுத்தறிவுத் தேர்வு, சொத்துத் தகுதி, வாக்காளர் தலைவரி எல்லாம் வந்தன. வாக்களிக்கும் வயதில் 1,80,000க்கும் மேற்பட்ட கறுப்பின ஆண்கள் இருந்த மாநிலத்தில், 1903இல் பட்டியலில் எஞ்சியவர்கள் 3,000 பேர்கூட இல்லை.

அதே அரசமைப்பு சொத்து வரிக்கும் உச்சவரம்பு கட்டியது. நிலம் வெள்ளை முதலாளிகளிடம் இருந்தது. அந்த நிலத்தின் வரியில் கறுப்பினக் குழந்தைகள் படித்துவிடக்கூடாது என்பதே கணக்கு. பிறகு 1930களில் விற்பனை வரி வந்தது. இன்று மாண்ட்கமரி நகரக் கடையில் சோப்பு வாங்கினால் 10 விழுக்காடு வரி. மாவுக்கும் பாலுக்கும்கூட மாநிலம் 4 விழுக்காடு வாங்கிக்கொண்டிருந்தது. 2023இல்தான் அதைக் குறைக்கத் தொடங்கியது. மரக்காட்டு முதலாளிகளின் நில வரியோ இன்றும் அடிமட்டத்தில் இருக்கிறது. 2003இல் குடியரசுக் கட்சி ஆளுநர் பாப் ரைலியே இதை மாற்ற முயன்றார். பொதுவாக்கெடுப்பில் பெரும் வித்தியாசத்தில் தோற்றார்.

விளைவை லவுண்டஸ் மாவட்டத்தில் பார்க்கலாம். கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழும் அந்த ஊர்களில் பல வீடுகளின் மலக்கழிவு குழாய் வழியே கொல்லைக்குத்தான் போகிறது. வசதி செய்து கொடுக்காத அரசு, கழிவுத்தொட்டி கட்டவில்லை என்று அந்த ஏழைகள் மீதே வழக்குப் போட்டது. 2023இல் ஒன்றிய நீதித்துறை மாநிலத்தோடு ஓர் ஒப்பந்தம் செய்தது. 2025இல் டிரம்ப் அரசு அதையும் கிழித்துப் போட்டது. மலக்குழியில் மனிதர்களை இறக்கும் நாட்டிலிருந்து இதைப் படிக்கும் நமக்கு இந்த நாற்றம் புதிதல்ல.

வரிக்கும் ஒடுக்குமுறைக்கும் உள்ள உறவை நமக்குக் காட்டியவர் அண்ணல் அம்பேத்கர். கொலம்பியாவில் அவருடைய முனைவர் பட்ட ஆய்வே பிரிட்டிஷ் இந்தியாவின் மாகாண நிதி பற்றியதுதான். 1925இல் நூலாக வந்தது. 1927இல் பம்பாய் சட்டமன்றத்தில் அவர் எழுப்பிய கேள்வி எளிமையானது: வருமானம் இல்லாதவனுக்கு வருமான வரி இல்லை, விளைச்சல் பொய்த்த ஏழை உழவனுக்கு மட்டும் நிலவரி ஏன்?

அந்தக் கேள்வியை இன்றைய இந்தியாவிடம் கேளுங்கள். 1985இல் வாரிசுச் சொத்து மீதான வரி போனது. 2015இல் செல்வ வரி போனது. 2017இல் ஜி.எஸ்.டி. வந்தது. தலைமுறை தலைமுறையாக நிலத்தையும் மாளிகையையும் கைமாற்றிக்கொள்ளும் சாதிகளுக்கு வாசல் திறந்துவிட்டார்கள். கொடுத்துச் செல்ல ஏதுமில்லாத தூய்மைப் பணியாளர் பற்பசை வாங்கும்போதும், செல்பேசிக்குப் பணம் கட்டும்போதும், அதானி கட்டும் அதே விகிதத்தில் வரி கட்டுகிறார். ஆனால் 'வரி செலுத்துவோர்' என்ற பட்டம் அவருக்குக் கிடையாது.

ஆகவே தோழர்களே, "எங்கள் வரிப்பணம்" என்று எவராவது ஆரம்பித்தால் தலைகுனிந்து நிற்காதீர்கள். உன் வருமானத்தில் எத்தனை விழுக்காடு, என் வருமானத்தில் எத்தனை விழுக்காடு என்று கேளுங்கள். உன் பாட்டன் சொத்துக்கு எவ்வளவு கட்டினாய் என்றும் கேளுங்கள். பள்ளியும் மருத்துவமனையும் உதவித்தொகையும் யாரும் போடும் பிச்சையல்ல. நம் பாட்டிகள் உப்புக்குக் கட்டிய வரியிலிருந்தே அந்தக் கணக்கு தொடங்குகிறது. இன்னும் நமக்கு வரவேண்டிய பாக்கி இருக்கிறது.