பபூன் நின்ற இடத்தில்

ஸ்பெஷல் நாடகம் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். கதை தொடங்கும் முன் பபூன் தனியாக வந்து நிற்பார். ஆர்மோனியக்காரரை வம்புக்கிழுத்தபடி பேச ஆரம்பித்தால் கொட்டகையே குலுங்கும். பாதி ஜோக் பெண்டாட்டி, கொழுந்தியாள், மாமியார் பற்றித்தான். பாயில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பார்கள். பேரப்பிள்ளைகள் போனில் பார்க்கும் ‘ஸ்டாண்ட்-அப் காமெடி’யும் ஏறக்குறைய அதுதான். ஒரு ஆள், ஒரு மைக்.

அந்த மைக் இப்போது பெண்கள் கைக்கு வந்திருப்பது நம் வயதுக்காரர்கள் பலருக்குப் பிடிக்கவில்லை. “பொம்பளை இப்படியெல்லாம் பேசலாமா?” என்கிறார்கள். கெட்ட வார்த்தை எனக்கும் ஒவ்வாது. ஆனால் பபூனின் இரட்டை அர்த்தத்துக்கு விடிய விடியச் சிரித்தவர்கள்தானே நாம்?

அமெரிக்காவில் ஃபிலிஸ் டில்லர் 1955இல் சான் பிரான்சிஸ்கோவின் ‘பர்ப்பிள் ஆனியன்’ கிளப்பில் மேடையேறியபோது அவருக்கு வயது 37, ஐந்து பிள்ளைகளின் தாய். பரட்டைத் தலையும் தொளதொள உடுப்புமாக, தன் முகத்தையும் சமையலையும் தானே நக்கலடித்துப் பேர் வாங்கினார். ஆண்களின் தொழிலில் நுழைய அவர் கொடுத்த கட்டணம் அது. நான் குறை சொல்ல மாட்டேன். வேறு கதவு திறந்திருக்கவில்லை.

அந்தக் கட்டணத்தை இனித் தர மாட்டேன் என்று மேடையிலேயே சொன்னவர் ஹன்னா கேட்ஸ்பி. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா தீவில் பிறந்தவர். அங்கே ஆணும் ஆணும் உறவு கொள்வது 1997 வரை சட்டப்படி குற்றம். அப்படிப்பட்ட ஊரில், பெண்ணை நேசிக்கும் பெண்ணாக வளர்ந்தவர். இப்போது தன்னை ஆண், பெண் என்ற இரண்டு பெட்டிக்குள்ளும் அடைத்துக்கொள்வதில்லை. அவரை எப்படிக் குறிப்பிடுவது என்று ஆங்கிலத்தில் இலக்கணச் சண்டையே நடக்கிறது. நமக்கு ‘அவர்’ இருக்கிறது, தீர்ந்தது.

2018இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த அவருடைய ‘நானெட்’டில் ஒரு பஸ் ஸ்டாப் கதை. ஒரு பெண்ணோடு பேசிக்கொண்டிருக்கிறார். அவள் காதலன் இவரை ஆண் என்று நினைத்து அடிக்க வருகிறான். பெண் என்று தெரிந்ததும் மன்னிப்புக் கேட்டு விலகுகிறான். அரங்கம் சிரிக்கிறது. நானும் சிரித்தேன். நிகழ்ச்சியின் கடைசிப் பகுதியில் அதே கதைக்குத் திரும்புகிறார். அவன் விலகிப் போய்விடவில்லை. இவர் யாரென்று புரிந்துகொண்டு திரும்பி வந்து அடித்துப் போட்டான். யாரும் தடுக்கவில்லை. இவர் போலீசுக்கும் போகவில்லை, ஆஸ்பத்திரிக்கும் போகவில்லை.

நம் சிரிப்புக் கெடக்கூடாது என்பதற்காக இத்தனை காலம் முடிவை வெட்டிவிட்டுக் கதை சொல்லியிருக்கிறார். டில்லரும் அப்படி எதையெல்லாம் வெட்டினாரோ.

நம் சினிமாவை எண்ணிப் பாருங்கள். திருநங்கை திரையில் வந்தாலே கேலிதான். 2008இல் தமிழக அரசு அவர்களுக்கு நலவாரியம் அமைத்த பிறகும் அது நிற்கவில்லை. 2015இல் ‘ஐ’ படத்தை எதிர்த்து அவர்கள் தெருவில் நின்று போராட வேண்டியிருந்தது. அவர்களில் ஒருவர் தனியாக மைக் முன் வந்து, அந்தக் காட்சிகளைக் கொட்டகையில் உட்கார்ந்து பார்த்தபோது தனக்கு எப்படியிருந்தது என்று சொன்னால், காசு கொடுத்துக் கேட்க நான் தயார்.

‘நானெட்’டில், காமெடியை விடப்போவதாகக் கேட்ஸ்பி சொன்னார். விடவில்லை, 2020இல் ‘டக்ளஸ்’ வந்தது. நல்லதாய்ப் போயிற்று. முதலில் ‘நானெட்’டைப் பாருங்கள், ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். ஆஸ்திரேலிய ஆங்கிலம் நம் காதுக்குக் கொஞ்சம் சிரமம், சப்-டைட்டிலைப் போட்டுக்கொள்ளுங்கள்.