கணிப்பொறிச் சிற்பமும் நமது கரையும்

கணிப்பொறி விளையாட்டென்று சொன்ன அளவிலே பெரியோர் முகஞ்சுளிப்பர். விளையாடிப் பொழுது கழிப்பாரை ஆதரித்தெழுதுவது எம் கருத்தன்று. விளையாட்டை ஆக்குவாரைக் குறித்தே, அதிலும் ஊதியங் கருதாது ஓய்வு வேளையிலே தாமே முயன்று, முப்பரிமாண உருவமைத்தலும் அவ்வுருவை அசையச் செய்தலுமாகிய கலைகளைக் கற்கும் மாணாக்கரைக் குறித்தே, சில சொல்லப் புகுந்தோம்.

கருவி அரிதென்பது இனிச் செல்லாது. பிளெண்டர் என்னும் மென்பொருளை வெளியிட்டு வந்த கம்பெனி 2002ஆம் ஆண்டில் மூடப்பட்டது. அதனை ஆக்கிய ஒல்லாந்தராகிய டான் ரூசண்டால் உலகெங்கணுமுள்ள அன்பரிடம் பொருளுதவி வேண்டினார். ஏழே வாரங்களில் ஒரு லட்சம் யூரோ சேர்ந்தது. மென்பொருள் யாவர்க்கும் பொதுவுடைமை ஆயிற்று. லாட்விய இயக்குநர் ஒருவர் அதனைக்கொண்டே ஆக்கிய ‘ஃப்ளோ’ என்னும் படம் 2025இல் ஆஸ்கர் பரிசு பெற்றது. விலையில்லாப் பொருள் தரமில்லாப் பொருள் என்பாருக்கு இதனினும் மறுமொழி வேண்டுமோ?

நிற்க. இக்கருவியைக் கைக்கொண்டு நம்மவர் எதனை வடிக்கின்றனர்? சிறகுடைய நாகம், பனிமூடிய கோட்டை, ஊசியிலைக் காடு. முதற்பாடமாக உலகமெங்கும் பயில்வோர் வடிப்பது டோனட் என்னும் சர்க்கரைப் பணியாரம். நம்மூர் மெதுவடைக்கும் அதற்கும் வடிவிலே வேற்றுமை சிறிதே. ஆயினும் வடையை வடித்தாரை யாம் இதுகாறும் கண்டிலோம். வடையின் மேனி கரடுமுரடானது. அதனை வடிப்பதே கடினமான பயிற்சியுமாம். காணாத பொருளைப் படம் பார்த்து வடிப்பவன் அதன் தோற்றத்தை மட்டுமே கற்கிறான். அத்தோற்றத்தின் காரணத்தை அறியான் என்பதே எம் வழக்கு.

ஓர் உதாரணங் காட்டுவோம். துறைமுகம் எழுமுன் சென்னைக்கு வந்த கப்பல்கள் தொலைவிலே நங்கூரமிட்டு நிற்கும். ஆளையும் சரக்கையும் அலைகடந்து கரைசேர்த்தது மசூலாப் படகு. இராயபுரத்து அர்ச். இராயப்பர் ஆலயத்தை எழுப்பியவரும் படகோட்டிகளே. அப்படகிலே ஆணியில்லை, பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பர், உள்ளே விலாச்சட்டமும் இல்லை. ஆதலின் அலை மோதுங்கால் முரியாது வளைந்து கொடுக்கும். இதனைக் கணிப்பொறியில் அமைத்தல் எளிது: ஒரு பக்கத்தை வடித்தால் மறுபக்கம் கண்ணாடி நிழல்போல் தானே தோன்றும். அசையச் செய்யும்போதுதான் பாடம் தொடங்குகிறது. முழுப்படகையும் விறைத்த கட்டைபோல் தூக்கி இறக்கினால் அஃது எந்நாட்டுப் படகாகவும் ஆகலாம். தைத்த படகாக வேண்டுமாயின், எலும்புகள் போன்ற உறுப்புக்களை உள்ளே வரிசையாய் வைத்து, முன்புறமாகிய அணியம் முதலில் எழவும், நடுப்பகுதி சிறிது பின்னரும், பின்புறமாகிய அமரம் அதற்கும் பின்னரும் எழவும் செய்தல் வேண்டும். அச்சிறு தாமதத்திலேதான் கயிறும் கடலும் புலப்படும். கோட்டை கட்டக் கற்பிக்கும் பயிற்சிப்படம் இதனைச் சொல்லித் தாராது.

துறைமுகம் வந்தபின் சென்னைக் கரையிலே அப்படகு பழஞ் சித்திரங்களில் மட்டும் எஞ்சியது. எண்ணூரில் 1970இல் தொடங்கிய அனல்மின் நிலையமும் 2017இல் நிறுத்தப்பட்டது. 1856இல் திறந்த இராயபுரம் இரயில் நிலையம் இன்னும் நிற்கின்றது. அதன் தூண்களை அளந்து வடிக்க இதுவே தருணம். பிறர் வந்து வடிக்கட்டும் என்றிருப்போமாயின் என்ன வடிப்பர் என்பதையும் அறிவோம். வடசென்னை என்றாலே வெட்டும் குத்தும் காட்டுவது திரைப்படக்காரர் பலருக்கு வழக்கமாய்விட்டது. விளையாட்டிலும் அதுவே புகுமாயின் குற்றம் வாளாவிருந்த நம்முடையதே.

“இவற்றையெல்லாம் யார் விளையாடுவர்?” என்று ஒரு நண்பர் வினவினார். கனடாவிலுள்ள விசை கேம்ஸ் என்னும் சிறு குழுவினர் 2023இல் ‘வெண்பா’ என்றொரு விளையாட்டை வெளியிட்டனர். ஓவியப்பாங்கில் அமைந்தது அது. குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்துத் தாயொருத்தி, சிதைந்த சமையற் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு இட்டிலி முதலியன ஆக்குவதே அதன் பொருள். நாகமும் இல்லை, போரும் இல்லை. 2024இல் சிறந்த முதற்படைப்புக்கான பாஃப்டா பரிசு அதற்கே கிடைத்தது. இட்டிலிக்கு இடமுண்டெனின் படகுக்கும் உண்டு.

தமிழ் பயிலும் எம்மனோர்க்கும் இதிலே ஒரு வேலையுண்டு. உருவின் ஒவ்வோர் உறுப்புக்கும் மென்பொருளிலே பெயரிடலாம். இடாவிடின் அது ‘கியூப்.001’ என்று தானே இட்டுக்கொள்ளும். தமிழ்ப் பெயரையும் அது மறுப்பதில்லை. அணியமும் அமரமும் தவிர இன்னும் எத்துணையோ சொற்கள் படகிலே உள. அவற்றை அகராதியில் தேடுவதினும் காசிமேட்டு மீன்பிடி துறைமுகத்திலே ஒரு விடியற்காலை நின்று கேட்டல் நலம். விளையாட்டு ஆக்கும் நண்பர் உடன்வருவராயின், அவர் படம் பிடிக்கட்டும். யாம் பெயர்களை எழுதிக்கொள்வோம்.