வலிக்கு ஏது ஒதுக்கீடு?

எட்டயபுரத்தில் எங்கள் தெருப் பெரியம்மா ஆயுசு முழுக்கப் பருத்திக்காட்டில் களையெடுத்தவர். வாயில் புற்று. ஆபரேஷனும் கரண்டு எனும் கதிர்வீச்சும் முதலமைச்சர் காப்பீட்டில் நடந்தன. நோய் திரும்பியதும் "இனி வீட்டுல வச்சுப் பாத்துக்கங்க" என்று அனுப்பிவிட்டார்கள். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை தரும் அந்த அட்டை, ஆஸ்பத்திரிக் கட்டிலோடு நின்றுகொண்டது.

"பகல் ஓடிருது தாயி, ராத்திரிதான் கொல்லுது" என்பார். மகள் தீப்பெட்டி ஆபீஸ் வேலையை விட்டாள். மகன் மார்பின் என்ற வலி மாத்திரைக்காகக் கூலியை விட்டுவிட்டுப் பஸ் ஏறினான். மாத்திரை விலை சொற்பம். போன கூலிதான் பெரிது. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் இந்த மருந்தை எட்டாத உயரத்தில் வைத்தது. 2014-இல் சட்டத்தைத் தளர்த்தினார்கள். நாலு மணி நேரத்துக்கொரு தடவை போட வேண்டிய மாத்திரை இன்னும் எத்தனையோ கிராமங்களுக்கு வந்து சேரவில்லை.

இப்படிப் படுத்த படுக்கையானவர்களை வீட்டாரே முடித்துவைக்கும் தலைக்கூத்தல், பக்கத்து விருதுநகர் மாவட்டத்தில் நடப்பதாக 2010-இல் செய்தியானபோது நாடே பதறியது. 'பாரம்' படம் அதைச் சொல்லித் தேசிய விருது வாங்கியது. படுத்த உயிரை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி முடிப்பது கொலைதான், அதில் எனக்கு இரண்டாம் பேச்சே இல்லை. ஆனால் படுக்கைப்புண்ணுக்குக் கட்டுப்போட, மூத்திரக்குழாய் மாற்ற ஒரு நர்ஸ்கூடப் படியேறாத வீட்டுக்காரர்களைக் கல்நெஞ்சக்காரர்கள் என்று ஏசிவிட்டுப் போவது என்ன நியாயம்? வலியில் கத்தும் தாயோடு விடிய விடிய உட்கார்ந்திருப்பவர்கள் அவர்கள்தானே.

2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வலிநிவாரணப் பராமரிப்பை வீட்டுக்கே கொண்டுவந்தது. மனசார வரவேற்கிறேன். ஆனாலும் ஒரு வட்டாரத்துக்கே ஒரு நர்ஸ் என்றால், கீழஈரால் பக்கமும் மேலக்கரந்தை பக்கமும் சிதறிக் கிடக்கும் ஊர்களுக்கு அவர் எப்போது வந்து சேர்வார்? ஐப்பசி மழையில் கரிசல் மண் டயரில் அப்பிக்கொண்டால் வண்டி நகராது.

கேரளம் 2008-லேயே வலிநிவாரணப் பராமரிப்புக்கென்று கொள்கை வகுத்தது. அங்கே ஊராட்சிகளே திட்டப் பணத்தில் இதற்கு ஒதுக்கி, நர்சை வைத்து வீடு வீடாக அனுப்புகின்றன. எங்கள் எட்டயபுரம் பேரூராட்சியும் சுற்றுப்பட்டு ஊராட்சிகளும் அதைச் செய்ய அரசு தனி நிதி தர வேண்டும். காப்பீட்டு அட்டை வீட்டுக் கட்டிலுக்கும் செல்ல வேண்டும். மாத்திரைக்காக மகன் கூலியை இழக்கக் கூடாது. அது நர்சின் பையிலேயே வரட்டும்.