சுவிட்சுக்கும் ஒட்டுப் போட வேண்டும்

சுவிட்ச் என்றால் நம்மில் பலருக்குச் சுவரில் இருப்பதுதான் நினைவுக்கு வரும். அலுவலகங்களில் இன்னொரு சுவிட்ச் உண்டு. பூட்டிய சிறு அறையில், கட்டுக்கட்டாகக் கம்பிகளைச் செருகிக்கொண்டு, பச்சை விளக்குகளைச் சிமிட்டிக்கொண்டு கிடக்கும். கணினி, அச்சுப்பொறி, கண்காணிப்புக் கேமரா எல்லாம் ஒன்றோடொன்று பேசுவது அதன் வழியாகத்தான். இப்போது பல வானொலி நிலையங்களில் ஒலிவாங்கிக் குரலும் அப்படித்தான் போகிறது. அதனால் “இன்று இரவு சுவிட்சுக்கு அப்டேட்” என்று பொறியாளர் சொன்னாலே எங்களுக்கு வயிற்றைக் கலக்கும். அது அணைந்து மீண்டும் எழச் சில நிமிடங்கள் ஆகும். வானொலியில் ஐந்து வினாடி மௌனமே நீளம்!

“ஓடுகிறதே, எதற்குத் தொட வேண்டும்?” என்று தள்ளிப்போடுவதன் காரணம் எனக்குப் புரிகிறது. ஆனால் 2018ல் நடந்ததைப் பாருங்கள்.

சிஸ்கோ சுவிட்சுகளில் ‘ஸ்மார்ட் இன்ஸ்டால்’ என்றொரு வசதி. புதுச் சுவிட்சை ஆள் நேரில் போகாமலேயே அமைத்துவிடலாம். அதைத் தொலைவிலிருந்து கேட்பவர் யார் என்று அது விசாரிப்பதே இல்லை. அதிலிருந்த பெரிய ஓட்டை ஒன்றுக்கு அந்நிறுவனம் மார்ச் 28ஆம் தேதி ஒட்டு வெளியிட்டது. ஒன்பதே நாளில், ஏப்ரல் 6ஆம் தேதி, இதே வசதி வழியாக ஈரானிலும் ரஷ்யாவிலும் சுவிட்சுகளின் அமைப்புகள் அழிக்கப்பட்டன. திரையில் அமெரிக்கக் கொடி, ‘எங்கள் தேர்தலில் விளையாடாதே’ என்ற மிரட்டல். உலகெங்கும் சுமார் 200,000 சுவிட்சுகள், தங்கள் நாட்டில் 3,500 என்று ஈரானிய அமைச்சு கணக்குச் சொன்னது.

அத்தோடு முடிந்ததா? 2025 ஆகஸ்ட்டில் எஃப்பிஐ மீண்டும் எச்சரித்தது: ரஷ்ய உளவுத்துறையைச் சேர்ந்த ஊடுருவிகள் அதே ஓட்டையில் இன்னும் நுழைகிறார்கள். ஏழு ஆண்டுகளாக ஒட்டுப் போடாத கருவிகள் அத்தனை இருக்கின்றன!

வேலை ஒன்றும் மந்திரமில்லை. இப்போதைய அமைப்புகளை நகலெடுப்பார்கள். புதுக் கோப்பு முழுதாக வந்ததா, நிறுவனம் வெளியிட்டதுதானா என்று சரிபார்ப்பார்கள். பழைய பதிப்பை அழிக்காமல் வைத்திருப்பார்கள், சொதப்பினால் திரும்ப. வசதியுள்ள இடத்தில் ஒலிக்கு மாற்றுப் பாதையும் உண்டு. பொறியாளர் கேட்பது அதிகாலையில் ஒரு மணி நேரம், அவ்வளவுதான். அதைக் கொடுக்க மறுக்கும் முதலாளிகள்மீதுதான் எனக்குக் கோபம்.

வீட்டுக் கவலை கொஞ்சம் குறைவு. சிங்கப்பூரில் விற்கும் வைஃபை ரவுட்டர்கள் பாதுகாப்பு ஒட்டுகளைத் தாமே பதிவிறக்க வேண்டும் என்பது 2021 ஏப்ரலிலிருந்து விதி. சிறு கடை, மருந்தகம், துணைப்பாட நிலையம்தான் நடுவில் மாட்டிக்கொள்கின்றன. கருவி பழசாகி, நிறுவனம் ஒட்டு வெளியிடுவதையே நிறுத்தியிருக்கலாம். அப்போது மாற்றுவதைத் தவிர வழியில்லை.

துணைப்பாட நிலையம் நடத்தும் அக்கா ஒருவரிடம், “உங்க சுவிட்சுக்குக் கடைசியா எப்போ அப்டேட் போட்டீங்க?” என்று கேட்டேன்.

“அது எங்க இருக்குன்னே தெரியாதே தம்பி” என்றார். பிறகு இருவரும் தேடினோம். மேல்தட்டில், பழைய தேர்வுத்தாள் பெட்டிகளுக்குப் பின்னால் இருந்தது.