வெட்சூட்டும் ஹயாவும்



இங்கிலாந்தில் நாம் ஓதிக்கொடுக்கும் வாரயிறுதி மதரஸாவின் பிள்ளைகளுள் ஒருத்தி, பெண்களுக்கான கடல் நீச்சல் வகுப்புக்குச் செல்வதைச் சென்ற கோடையில் நிறுத்திவிட்டாள். காரணம் வினவியபோது, "கழுத்து எரியுது உஸ்தாபி" என்றாள். தாயாரிடம் விசாரித்தோம். "உடம்போடு ஒட்டக் கூடாதென்றுதான் உஸ்தாபி, இரண்டு அளவு பெரிதாக வாங்கினோம்" என்றார். நம் வீட்டிலும் முன்பு இதே தவறு நிகழ்ந்தது. பெருநாள் உடுப்பை அடுத்த ஆண்டுக்கும் சேர்த்துப் பெரிதாக எடுக்கும் பழக்கம் நம்மை எளிதில் விடுவதில்லை.

வெட்சூட் அவ்வாறு வாங்கத்தக்க உடையன்று. 1950களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் ஹியூ பிராட்னர் எனும் இயற்பியலாளர் உருவாக்கிய இவ்வுடை, இன்று நியோப்ரீன் எனும் செயற்கை ரப்பரால் செய்யப்படுகிறது. ரப்பருக்குள் அடைபட்ட நுண்ணிய வாயுக் குமிழிகளே குளிரைத் தடுக்கின்றன. உடைக்கும் தோலுக்கும் இடையே புகும் மெல்லிய நீர்ப்படலமும் உடற்சூட்டால் வெதுவெதுப்பாகி அங்கேயே தங்குகிறது. உடை தொளதொளவென்றிருந்தால் அந்நீர் தங்காது. குளிர்நீர் கழுத்து வழியே புகுந்தும் வெளியேறியும் கொண்டிருக்கும். கைப்பகுதியில் நீர் நிரம்பிக் கனக்கும். மடிப்புகள் அக்குளிலும் கழுத்திலும் உராய்ந்து தோலைப் புண்ணாக்கும். இந்நாட்டில் கோடையிலும் கடல்நீர் 20 பாகை செல்சியஸை எட்டுவது அரிது. குளிரில் விறைத்த பிள்ளையால் நீந்த இயலாது என்பதை எண்ணினால், இதனை வெறும் எரிச்சல் என்று தள்ளிவிட முடியாது.

ஆகவே வெட்சூட் அளவாகவே இருக்கட்டும். மறைப்பை அதன் மேலே தேடிக்கொள்வோம். 2004இல் ஆஸ்திரேலியாவில் லெபனானிய வம்சாவளியினரான அஹீதா ஸனெட்டி வடிவமைத்த புர்கினி, நீரை அதிகம் உறிஞ்சாத நீச்சல் துணியால் தைக்கப்படுவது. அத்தகைய துணியாலான, தொடைவரை நீண்ட தளர்ந்த மேலங்கியை வெட்சூட்டின் மேல் அணிந்தால் உடலின் வடிவம் மறையும், நீந்தவும் இயலும். பருத்திச் சுடிதாரும் துப்பட்டாவும் நனைந்தால் கனத்துக் காலைச் சுற்றும். அவற்றோடு பிள்ளையை நீரில் இறக்காதீர்கள். சூடேற்றிய நீச்சல்குளத்துக்கு வெட்சூட்டே வேண்டாம், புர்கினி போதும். (காயல்பட்டினத்து உறவினருக்கு வெட்சூட் அனுப்பிவைக்க எண்ணுவோரும் இதைக் கவனிக்க!)

வாங்கும்போது பிள்ளை கைகளை உயர்த்தட்டும், குந்தி எழட்டும், ஆழ்ந்து மூச்சிழுக்கட்டும். அக்குளிலும் முதுகின் கீழ்ப்பகுதியிலும் இடைவெளி இராமல், மூச்சும் தடைப்படாமல் இருந்தால் அதுவே சரியான அளவு. அணியும்போது உலர்ந்த உடலில், பாதத்தின் மேல் ஒரு நெகிழிப் பையை மாட்டிக்கொண்டால் கால் வழுக்கி உள்ளே செல்லும். நகத்தால் பற்றி இழுத்தால் ரப்பர் கிழியும். விரலின் சதைப்பகுதியால் சிறிது சிறிதாக மேலேற்ற வேண்டும். கழுத்து உராய்வுக்கு உள்ளே மெல்லிய லைக்ரா மேற்சட்டை அணியலாம். வாசலினோ தேங்காயெண்ணெயோ தடவ வேண்டாம்; எண்ணெய்ப்பசை ரப்பரைக் கெடுக்கும்.

குளிர்நீரில் சிறுநீர் முட்டும். அதனை உடைக்குள்ளேயே கழித்துவிடும் வழக்கம் நீச்சல் உலகில் உண்டு. எழுதக் கூசினாலும் சொல்லியாக வேண்டும். நஜீஸ் பற்றி ஓதிய பிள்ளைகள் கரையேறிச் சென்று வருவதே முறை. வாடகைக்கு எடுத்த உடையை நல்ல நீரில் அலசிய பின்னரே அணிய வேண்டும். ஒளூச் செய்வதற்கு இறுகிய கைப்பகுதியை முழங்கைக்கு மேல் சுருட்ட இயலாது. ஆகவே அஸர் நேரத்தைக் கணக்கிட்டு, கழற்றி உடுத்தவும் அவகாசம் வைத்துக்கொண்டு கரையேறுங்கள்.

வீடு திரும்பியதும் உடையைக் குளிர்ந்த நல்ல நீரில் உள்ளும் புறமும் அலசுங்கள். உப்பும் குளோரினும் தங்கினால் ரப்பர் விறைத்து வெடிக்கும். சலவை இயந்திரம், வெந்நீர், பிளீச்சிங் மூன்றும் ஆகா. உட்புறத்தை வெளியே திருப்பி, இடுப்பில் இரண்டாக மடித்து, தடித்த கொடியில் நிழலில் உலர்த்துங்கள். ஈரத்தோடு பையில் போட்டு மறந்துவிட்ட உடையின் வாடையை நம் வீட்டார் இன்றும் சொல்லிக்காட்டுவதுண்டு.

அப்பிள்ளையின் பழைய உடை இப்போது அவளுடைய அக்காவுக்குப் பொருத்தமாக இருக்கிறதாம். அவளுக்கென அளவான ஒன்றும் ஒரு மேலங்கியும் வாங்க வரும் சனிக்கிழமை கடைக்குச் செல்கிறார்கள், இன்ஷா அல்லாஹ்.