முசிறியின் அமைதி

போன மாதம் உறவினர் வீட்டு விசேஷத்துக்காக முசிறி போயிருந்தோம். காவிரியின் வடகரை ஊர்; பாலம் தாண்டினால் குளித்தலை. காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்த நாளில் செய்ன் நதியின் போக்கை மனப்பாடமாக ஒப்பிப்பேன். எங்கள் அரசலாறு காவிரியின் கிளை என்பது அப்போது எனக்குத் தெரியாது!

மறுநாள் காலை நாமக்கல் சாலையில் உள்ள சீனிவாசநல்லூருக்குப் போனோம். முற்காலச் சோழர் கட்டிய குரங்கநாதர் கோயில். ஆயிரம் ஆண்டு கடந்த கற்சுவர்களைச் சுற்றிப் பார்க்க எங்களைத் தவிர ஆளில்லை. வழியில் வாழைத்தோட்டம், கோரை வயல். "என்ன அமைதி!" என்றேன்.

கோரை உலர்த்திக்கொண்டிருந்த பெரியவர் சிரித்தார். "சத்தம் போடுற புள்ளைங்கல்லாம் திருப்பூர் போயிட்டாங்கய்யா."

சுருக்கென்றது. கோரையை அறுத்து, கிழித்து, வெயிலில் காயவைக்க வேண்டும். நடுவில் மழை பிடித்தால் நிறம் கெட்டு விலை விழும். எனக்கோ மாதம் பிறந்தால் பென்ஷன். மழை பெய்தாலும் குறையாது. வெளியூரிலிருந்து போகிற நாம் மெச்சும் கிராமத்து அமைதியில் பாதி, ஆளில்லாத அமைதிதான்.

திரும்பும்போது முசிறிக் கடையில் இரண்டு கோரைப்பாய் வாங்கினேன். பழக்கதோஷத்தில் இருபது ரூபாய் குறைக்கச் சொல்ல வாயெடுத்தேன். பெரியவர் முகம் நினைவுக்கு வந்தது, கேட்டதைக் கொடுத்தேன். கிராமத்தைப் புகழ்வதைவிட, அங்கே விளைவதை உரிய விலைக்கு வாங்குவது மேல் என்பது என் கட்சி. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?